வயலின் மேதை துவாரம் வேங்கடசாமி நாயுடு

கரும்பலகையில் எழுதியிருப்பதைக் காண இயலாத காரணத்தால் ஒரு சிறுவன் பள்ளியை விட்டு நின்றான். அதே சிறுவன் பிற்காலத்தில் ஒரு கல்லூரிக்கே முதல்வராக அமர்ந்தார். வியப்பாக இருக்கின்றதன்றோ, மாணவச் செல்வங்களே? தென்னிந்திய இசையுலகில் பெரும் புகழ் பெற்று விளங்கிய துவாரம் வேங்கடசாமி நாயுடு அவர்களே அப்பெருமகனார். அன்னாரின் வாழ்க்கை வரலாற்றை இம்மலரின் வாயிலாக உங்களுக்கும் உங்கள் பெற்றோர்க்கும் எடுத்துரைக்க விழைகின்றோம்.

நாயுடு அவர்கள் 1893ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 8ஆம் நாள், தீபாவளித் திருநாளன்று பெங்களூரில் பிறந்தார். தெலுங்கு மொழி பேசும் குடும்பம்; தந்தையார் இராணுவத்தில் பணியாற்றியவர். ஆந்திர நாட்டுக் கடற்கரை நகரமாகிய விசாகப்பட்டினத்தில் அவர் வளர்ந்தார். இளமையிலேயே கண்பார்வை குன்றியிருந்தமையால் பள்ளிப் படிப்பு இடையில் நின்றது. ஆயினும் அவர் சோர்ந்து அமர்ந்துவிடவில்லை. அவருடைய தமையனார் வேங்கடகிருஷ்ணையா வயலின் வாசிப்பவர். அவரே தம்பிக்கு முதல் ஆசானாக வாய்த்தார்.

வயலின் நம் நாட்டில் தோன்றிய கருவியன்று. ஐரோப்பியர் வழியாக வந்தது. ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்கு முன்னர், முத்துசாமி தீட்சிதரின் இளவலாகிய பாலுசாமி தீட்சிதர் அதனைக் கற்று நம் இசைக்கு ஏற்றதாக்கினார். வயலினில் 4 தந்திகளே உள்ளன. வீணையில் இருப்பதுபோல் விரல் வைக்கும் இடத்தைக் காட்டும் மெட்டுகள் அதில் இல்லை. எவ்விடத்தில் விரல் வைத்தால் எந்தச் சுரம் எழும் என்பதைக் கண் காட்டாது, செவிதான் காட்டவேண்டும். கண்ணொளி குறைந்த அச்சிறுவர் தம் செவியையே துணையாகக் கொண்டு, அயராது பயின்று தேர்ச்சி பெற்றார்.

விசாகப்பட்டினத்திற்கு அண்மையிலுள்ள விஜயநகரத்தில் 1919ஆம் ஆண்டு மன்னர் விஜயராம கஜபதி ராஜு ஓர் இசைக் கல்லூரியை நிறுவினார். அரிகதை வல்லுநராகிய ஆதிபட்ல நாராயணதாசர் அதன் முதல்வராக இருந்தார். அங்கு மாணவராகச் சேரும் எண்ணத்துடனேயே நாயுடு சென்றார் என்றும், அவருடைய வாசிப்பைக் கேட்ட நாராயணதாசர் அவரை ஆசிரியராகவே அமர்த்திக்கொண்டார் என்றும் கூறுவர். அப்பொழுது அவருக்கு 26 வயது. பின்னர் 1936இல் அவரே அக்கல்லூரியின் முதல்வரானார்.

அக்காலத்தில் வயலின் பெரும்பாலும் பாடகர்க்குப் பக்கவாத்தியமாகவே விளங்கிற்று. அதனைத் தனித்து நின்று அவையை ஆளும் கருவியாக உயர்த்தியோருள் நாயுடு முன்னணியில் நிற்பவர். 1938இல் வேலூரில் அவர் நிகழ்த்திய தனிக் கச்சேரியை இசையன்பர்கள் இன்றும் நினைவுகூர்வர். மேனாட்டார் வில்லைக் கையாளும் முறையை ஆராய்ந்து, அதன் நயங்களை நம் இசையின் மரபு கெடாமல் அவர் பயன்படுத்தினார். 1941இல் சென்னை மியூசிக் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதி விருதளித்துச் சிறப்பித்தது. 1952இல் இந்தியாவிற்கு வந்த உலகப் புகழ் வயலின் மேதை யெகுதி மெனுகின் அவருடைய வாசிப்பைக் கேட்டுப் பாராட்டினார். 1953இல் சங்கீத நாடக அகாதமி விருதும், 1957இல் பத்மஸ்ரீ விருதும் அவரை நாடி வந்தன. 1964ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார். அவர் பிறந்து நூறாண்டு நிறைந்த 1993இல் இந்திய அரசு அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டது.

இவ்வரலாற்றைப் படிக்குந்தோறும் நமக்கு ஒரு மாணவன் நினைவுக்கு வருகின்றான். நாம் பணியேற்ற தொடக்க காலத்தில், வேறொரு தோட்டப் பள்ளியில், அவன் கரும்பலகையைப் பாராமல் அடுத்தவன் ஏட்டைப் பார்த்தே எழுதுவான். சோம்பேறி என்று எண்ணிப் பன்முறை தண்டித்தோம். பள்ளிக்கு வந்த தாதியார் கண்களைச் சோதித்தபோதுதான் உண்மை புலப்பட்டது. மூக்குக் கண்ணாடி அணிந்து வந்த அன்று, அவன் சன்னலருகே நின்று பால்மரத்தின் இலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனைக் கடிந்துகொள்ள அன்று நமக்கு நா எழவில்லை.

பெற்றோர்களே! விடியுமுன் வேலைக்குச் சென்று களைத்துத் திரும்பும் உங்கள் நிலையை நாம் அறிவோம். ஆயினும் மாலையில் சற்று நேரம் பிள்ளையின் அருகில் அமருங்கள். புத்தகத்தை முகத்தருகே வைத்துப் படிக்கின்றானா, கண்களைச் சுருக்கிப் பார்க்கின்றாளா, அடிக்கடி தலைவலி என்கின்றார்களா என்று கவனியுங்கள். ஐயம் தோன்றினால் எம்மிடம் கூறுங்கள். தம்பின் மருத்துவமனைக்கும் அழைத்துச் செல்லுங்கள். பள்ளியை விட்டு நின்ற நாயுடுவுக்கு வயலின் கற்றுத்தர ஒரு தமையனார் இருந்தார். எல்லாப் பிள்ளைகட்கும் அத்தகைய தமையனார் வாய்ப்பதில்லை.

மாணவச் செல்வங்களே! பலகை தெரியவில்லையெனில் அஞ்சாது எழுந்து சொல்லுங்கள். அது குற்றமன்று, முன் வரிசையில் உங்களுக்கு இடமுண்டு. குறையைக் கண்டு மனம் தளராமல், உங்கள்பால் அமைந்துள்ள திறனை நாள்தோறும் பயிற்சியால் வளர்த்து வாருங்கள். துவாரம் வேங்கடசாமி நாயுடு அவர்களின் வாழ்வு நமக்கு உணர்த்தும் பாடம் இதுவேயாகும்.