ராமானுஜனுக்கு இருந்தது ‘ஈட்டிங் டிஸார்டரா’? டாக்டர்கள் எப்படி முடிவு செய்கிறார்கள்?

கடற்கரை - தாம்பரம் ரயிலில் போகிறவர்களுக்கு ‘தாம்பரம் சானடோரியம்’ ஸ்டேஷன் நல்லாவே தெரியும். அந்தப் பெயருக்குக் காரணமான காசநோய் மருத்துவமனையை 1928-ல் தொடங்கியவர் டாக்டர் சௌரி முத்து. அதற்குச் சுமார் 10 ஆண்டுகள் முன்பு, இங்கிலாந்தில் அவரிடம் சிகிச்சைக்கு வந்த ஒரு நோயாளி யார் தெரியுமா? கணித மேதை ராமானுஜன்.

என்ன நடந்தது?

1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்தவர், கும்பகோணத்தில் வளர்ந்தவர். சென்னை துறைமுகத்தில் கிளார்க்காக இருந்தவர், 1914-ல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரிக்குப் போனார். சுத்த சைவம் என்பதால் கல்லூரிச் சாப்பாடு ஒத்துவரவில்லை. அறையிலேயே சமைத்தார். கணக்கில் மூழ்கிவிட்டால் சமையலும் இல்லை, சாப்பாடும் இல்லை. போதாக்குறைக்கு முதல் உலகப் போர். சைவ உணவுப் பொருள் கிடைப்பதே கஷ்டமானது.

1917-ல் உடல்நிலை மோசமானது. காய்ச்சல் விடவில்லை, எடை குறைந்தது. காசநோய் என்று சந்தேகப்பட்டு சானடோரியங்களில் சேர்த்தார்கள். சௌரி முத்துவின் மெண்டிப் ஹில்ஸ் சானடோரியம் அதில் ஒன்று. போன இடங்களிலும் சாப்பாடுதான் பெரிய பிரச்னை. 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். 1919-ல் ஊர் திரும்பினார். 1920 ஏப்ரல் 26-ல் சேத்துப்பட்டில் இறந்தபோது வயது 32 தான்.

அப்போ இது உணவுக் கோளாறா?

இன்று டாக்டர்கள் பயன்படுத்தும் கையேடுகளில் ஒன்று, அமெரிக்க மனநல மருத்துவ சங்கம் 2013-ல் வெளியிட்ட டிஎஸ்எம்-5. அதன்படி, ஒல்லியாக இருப்பது மட்டும் அனோரெக்ஸியா ஆகாது. உணவைக் குறைத்து எடை மிகவும் இறங்கியிருக்க வேண்டும். கூடவே எடை கூடிவிடுமோ என்ற பயமும், தன் உடலைப் பற்றிய தவறான பார்வையும் இருக்க வேண்டும். ராமானுஜனிடம் அப்படி ஒரு பயம் இருந்ததாகப் பதிவுகள் சொல்லவில்லை.

‘ஆர்ஃபிட்’ என்று இன்னொரு வகை உண்டு. இதில் எடை பயம் இருக்காது. ஆனால் உணவைத் தவிர்ப்பதால் உடல் பாதிக்கப்படும். இவருக்கு இதுவா? இங்கேதான் ஒரு செக். உணவு கிடைக்காததாலோ, மதம், பண்பாட்டு வழக்கத்தாலோ, வேறு நோயாலோ சாப்பிடாமல் இருந்தால் அதை ஆர்ஃபிட் என்று சொல்லக் கூடாது. ராமானுஜன் விஷயத்தில் இந்த மூன்றுமே இருந்தன.

உண்மையில் என்ன நோய்?

ஆவணங்களை ஆராய்ந்த டி.ஏ.பி. யங், 1994-ல் வேறு முடிவுக்கு வந்தார். இந்தியாவில் இருந்தபோது வந்த சீதபேதியின் தொடர்ச்சியாக, கல்லீரலில் அமீபா தொற்று இருந்திருக்கலாம் என்பது அவர் கணிப்பு. அது அந்தக் காலத்திலேயே மருந்து இருந்த நோய். கணிப்பு சரியென்றால், அவரைக் காப்பாற்ற ஒரு வாய்ப்பு இருந்திருக்கிறது.

நமக்கு என்ன?

ஹாஸ்டலிலோ, ஐ.டி. ஷிஃப்டிலோ ஒருவர் சாப்பாட்டைத் தவிர்த்தால், ‘டயட்’ என்று விட்டுவிடவும் வேண்டாம், நாமே நோய்ப் பெயர் வைக்கவும் வேண்டாம். முதலில் உடல் பரிசோதனை, பிறகு மனநல மருத்துவரிடம் பேச்சு. ஏன் சாப்பிடவில்லை என்ற கேள்விக்கு விடை தெரிந்தால்தான் சரியான சிகிச்சை.