புரதம் எப்படி மடியும்? கிண்டியிலிருந்து உலகுக்கு விடை சொன்ன ஜி.என்.ராமச்சந்திரன்... யார் இந்த நெல்லைச் சீமைக்காரர்?

மெடிக்கல் ஷாப்பில் கொலாஜன் பவுடர் விற்கிறார்கள். முகத்துக்குப் பூசும் க்ரீமிலும் கொலாஜன் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. நம் தோல், எலும்பு, தசைநார், பல் ஈறு எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்து வைத்திருக்கும் புரதம்தான் இந்த கொலாஜன். இது உள்ளுக்குள் எப்படி முறுக்கிக்கொண்டு இருக்கிறது என்ற புதிரை அவிழ்த்தது சென்னை கிண்டியில் இருந்த ஒரு ஆய்வுக்கூடம். அதற்குத் தலைமை தாங்கியவர் ஜி.என்.ராமச்சந்திரன்.

பெயரில் இருக்கும் 'ஜி' எந்த ஊர் தெரியுமா? கோபாலசமுத்திரம். மாஞ்சோலை மலையில் பெய்யும் மழை மணிமுத்தாறாக இறங்கி தாமிரபரணியில் கலக்கிறதே, அந்த ஆற்றுத் தண்ணீரில் நெல் விளையும் திருநெல்வேலிப் பக்கத்து ஊர் அது. நடிகர்கள், தலைவர்கள் பெயர் தெரிந்த அளவுக்கு இவர் பெயர் நம்ம ஊரில் பலருக்குத் தெரியாது. ஆனால் உலகத்தில் எந்த மூலையில் புரதத்தைப் பற்றிப் பாடம் நடத்தினாலும் இவர் பெயரைச் சொல்லாமல் முடிக்க முடியாது. ஏன்? பார்க்கலாம்.

முதலில், புரதம் என்றால் என்ன?

அமினோ அமிலம் என்பதை ஒரு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 வகை மணிகள் இருக்கு. இவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்த்த மாலைதான் புரதம். எந்த மணிக்குப் பிறகு எந்த மணி என்ற குறிப்பு டிஎன்ஏவில் எழுதப்பட்டிருக்கிறது. அந்தக் குறிப்பின் நகல் ஆர்என்ஏவாக வெளியே வரும். செல்லுக்குள் இருக்கும் ரைபோசோம் என்ற குட்டி இயந்திரம் அதைப் படித்துப் படித்து மணிகளைக் கோர்க்கும். (இந்த ரைபோசோமின் அமைப்பைக் கண்டுபிடித்ததற்காக 2009ல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர், சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன்.)

மணிகள் எங்கிருந்து வருகின்றன? செடிகளுக்கு இது சொந்தத் தயாரிப்பு. மாஞ்சோலை தேயிலைச் செடியையே எடுத்துக்கொள்ளுங்கள். மண்ணிலிருந்து நைட்ரஜன், காற்றிலிருந்து கார்பன் எடுத்து 20 அமினோ அமிலங்களையும் அதுவே செய்துகொள்ளும். போதாததற்கு, அந்த 20ல் சேராத தியானின் என்ற அமினோ அமிலத்தையும் வேரில் தயாரித்து இளந்தளிருக்கு அனுப்பும். டீயின் ருசியில் அதற்கும் ஒரு பங்கு உண்டு. மனுஷனுக்கு அந்த சாமர்த்தியம் இல்லை. 9 அமினோ அமிலங்களை நாம் சாப்பாட்டில் இருந்துதான் எடுத்தாக வேண்டும். பருப்பு, முட்டை, மீன், பால் என்று டாக்டர்கள் சொல்வது இதற்காகத்தான்.

மாலை கோர்த்தாச்சு. வேலை முடிந்ததா? இல்லை. அந்த மாலை சரியான வடிவத்தில் மடிய வேண்டும். மடிந்தால்தான் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைச் சுமக்கும், செரிமான நொதி சோற்றை உடைக்கும், இன்சுலின் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும். வடிவம் போச்சுன்னா வேலையும் போச்சு. பச்சை முட்டையை அவித்தால் வெள்ளைக் கரு கெட்டியாகிறதே, அதிலுள்ள மணிகள் மாறவில்லை, மடிப்புதான் கலைந்திருக்கிறது.

இந்த மடிப்புக்கு என்ன விதி? அதைத்தான் ராமச்சந்திரன் கண்டுபிடித்தார்.

கணக்கு வாத்தியார் மகன்

ராமச்சந்திரன் பிறந்தது 1922 அக்டோபர் 8, எர்ணாகுளத்தில். அப்பா நாராயண ஐயர் அங்கே மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியர். கணக்கு ருசி அப்பாவிடமிருந்துதான் வந்தது. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ் படித்துவிட்டு, 1942ல் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் சேர்ந்தார். சேர்ந்தது மின் பொறியியலில். ஆனால் அங்கே இருந்த சர் சி.வி.ராமன் இந்தப் பையனைப் பார்த்துவிட்டு, தன்னுடைய இயற்பியல் துறைக்கே இழுத்துக்கொண்டார்.

ராமனிடம் படிகங்களையும் எக்ஸ்-ரேவையும் கற்றுக்கொண்ட ராமச்சந்திரன், 1947ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் போனார். கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தில் பிஎச்டி முடித்து 1949ல் ஊர் திரும்பினார். மூன்று வருடம் பெங்களூரு. பிறகு 1952ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைத் தலைவர் பதவி வந்தது. துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார் அந்தப் பதவிக்கு ராமனைத்தான் கேட்டார். ராமன் கைகாட்டியது ராமச்சந்திரனை. அப்போது அவருக்கு வயது 30ஐ ஒட்டி.

கங்காரு வால் சொன்ன ரகசியம்

சென்னைக்கு வந்த இங்கிலாந்து விஞ்ஞானி ஜே.டி.பெர்னல், கொலாஜனின் அமைப்பு இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்ற விஷயத்தை ராமச்சந்திரனிடம் பேச்சுவாக்கில் சொன்னார். அது போதுமாக இருந்தது.

கொலாஜனுக்கு எங்கே போவது? பக்கத்திலேயே அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம். தோல் என்றாலே கொலாஜன்தானே! அங்கிருந்து கங்காரு வாலின் தசைநார் கிடைத்தது. அதில் எக்ஸ்-ரேவைச் செலுத்தி, விழும் புள்ளிகளை வைத்து அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று கணக்குப் போட ஆரம்பித்தார்கள் ராமச்சந்திரனும் அவரோடு வேலை பார்த்த கோபிநாத் கர்த்தாவும்.

ஒரு துப்பு அவர்களிடம் இருந்தது. கொலாஜனில் மூன்றில் ஒரு மணி கிளைசின். 20 அமினோ அமிலங்களிலேயே சின்னது அதுதான். ஏன் சரியாக மூன்றில் ஒன்று? மூன்று இழைகள் சேர்ந்து முறுக்கிக்கொண்டால், நடுவில் மிகக் குறைந்த இடம்தான் இருக்கும். அந்த இடுக்கில் உட்கார கிளைசினால் மட்டும்தான் முடியும். ஆக, கொலாஜன் என்பது மூன்று இழைக் கயிறு!

1954ல் இந்த மாதிரி 'நேச்சர்' இதழில் வெளியானது. அடுத்த ஆண்டே அதைத் திருத்தி, மூன்று இழைகளும் ஒன்றை ஒன்று சுற்றி முறுக்கிக்கொண்டிருப்பதாகக் காட்டினார்கள். சடை பின்னியதுபோல ஒரு மூன்று இழைச் சுருள்.

இது வெறும் படம் இல்லை. நோயும் இதில்தான் விளங்கும். மரபணுக் கோளாறால் அந்தக் கிளைசின் இடத்தில் வேறு பெரிய அமினோ அமிலம் வந்து உட்கார்ந்துவிட்டால், கயிறு சரியாக முறுக்காது. லேசாகத் தட்டினாலே எலும்பு முறியும் குழந்தைகள் பிறப்பது இப்படித்தான். அதேபோல, இந்தக் கயிறு உறுதியாக நிற்க, அதிலுள்ள புரோலின் என்ற அமினோ அமிலத்தில் ஒரு சின்ன மாற்றம் நடக்க வேண்டும். அதற்கு வைட்டமின் சி தேவை. அது கிடைக்காவிட்டால் ஈறில் ரத்தம் கசியும் ஸ்கர்வி நோய் வரும். நெல்லிக்காய் சாப்பிடச் சொல்வதில் அர்த்தம் இருக்கு.

கிரிக் போட்ட கேள்வி

ராமச்சந்திரனுக்கு எதிர்ப்பு வந்தது. சாதாரண ஆளிடமிருந்து இல்லை. 1953ல் டிஎன்ஏவின் இரட்டைச் சுருளைச் சொன்ன இருவரில் ஒருவரான பிரான்சிஸ் கிரிக்கும், அலெக்சாண்டர் ரிச்சும் 1955ல் கொலாஜனுக்குத் தங்கள் மாதிரியை வெளியிட்டார்கள். மூன்று இழை என்ற அடிப்படையில் மாற்றம் இல்லை. ஆனால் சென்னை மாதிரியில் சில அணுக்கள் ஒன்றுக்கொன்று ரொம்ப நெருக்கமாக இருக்கின்றன, அது சாத்தியமே இல்லை என்றார்கள். இழைகளுக்கு நடுவே இத்தனை ஹைட்ரஜன் பிணைப்பு இருக்காது என்றும் சொன்னார்கள். பிணைப்பு எண்ணிக்கை விஷயத்தில் அவர்கள் பக்கம்தான் பிற்காலத்தில் சரி என்று ஆனது.

இந்த இடத்தில் பலர் கோபப்பட்டிருப்பார்கள், அல்லது அடங்கிப் போயிருப்பார்கள். ராமச்சந்திரன் ஒரு அடிப்படைக் கேள்வியைக் கையில் எடுத்தார். சரி, அணுக்கள் நெருங்கக் கூடாது என்கிறீர்கள். அப்படியானால் உண்மையில் எவ்வளவு தூரம் வரை நெருங்கலாம்? அதற்கு அப்போது யாரிடமும் முறையான கணக்கு இல்லை.

உடைக்க முடியாத அந்த வரைபடம்

சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் என்ற இரண்டு இளம் ஆய்வாளர்களுடன் அவர் வேலையில் இறங்கினார். அதுவரை வெளியான அமினோ அமிலப் படிகங்களின் அளவுகளையெல்லாம் தேடி எடுத்து, எந்த அணு எந்த அணுவுக்கு எவ்வளவு பக்கத்தில் வந்திருக்கிறது என்று பட்டியல் போட்டார்கள். இன்று இருப்பதுபோல கம்ப்யூட்டர் வசதி கிடையாது. மேசைக் கணக்கு இயந்திரத்தை வைத்து எண்ணெண்ணாகப் போட்ட கணக்கு.

புரத மாலையில் ஒவ்வொரு மணியின் இரண்டு பக்கமும் ஒரு திருகு மாதிரி சுழலும். அந்த இரண்டு சுழற்சிக் கோணங்களுக்கு ஃபை, சை என்று பெயர். காகிதத்தில் கிடையாக ஃபை, நெடுக்காக சை. ஒவ்வொரு கோணச் சேர்க்கைக்கும் அணுக்கள் முட்டுகிறதா, இல்லையா என்று பார்த்துக் குறித்துக்கொண்டே போனார்கள்.

வந்த முடிவு ஆச்சரியமானது. கிளைசினைத் தவிர பெரும்பாலான அமினோ அமிலங்களுக்கு அந்தக் காகிதத்தில் முக்கால் பங்குக்கு மேல் தடை செய்யப்பட்ட இடம்! சில சின்னத் தீவுகளில் மட்டும்தான் அனுமதி. லைனஸ் பாலிங் குழு 1951ல் சொல்லியிருந்த ஆல்ஃபா சுருள், பீட்டா மடிப்பு இரண்டும் சரியாக அந்தத் தீவுகளுக்குள்ளேயே விழுந்தன.

கூட்டமான பஸ்ஸில் நிற்பதை நினைத்துப் பாருங்கள். கையை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நீட்ட முடியுமா? பக்கத்து ஆள் மேல் இடிக்கும். இடிக்காத ஒன்றிரண்டு நிலைகள்தான் கிடைக்கும். புரதத்துக்கும் அதே கதை. எப்படி வேண்டுமானாலும் மடியலாம் என்ற சுதந்திரம் அதற்கு இல்லை. அந்தக் கட்டுப்பாடுதான் புரதத்துக்கு நிலையான வடிவம் கிடைப்பதற்கு ஒரு முக்கியக் காரணம்.

1963ல் வெளியான இந்தக் கணக்குக்கு இன்று உலகம் வைத்திருக்கும் பெயர், ராமச்சந்திரன் வரைபடம்.

சிடி ஸ்கேனிலும் ஒரு கை

1969ல் லட்சுமணசாமி முதலியார் துணைவேந்தர் பதவியிலிருந்து விலகினார். 1970ல் ராமச்சந்திரனும் சென்னைப் பல்கலைக்கழகத்தை விட்டார். சிறிது காலம் அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம், பிறகு பெங்களூரு. அங்கே இந்திய அறிவியல் நிறுவனத்தில் மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவைத் தொடங்கினார்.

1971ல் ஏ.வி.லட்சுமிநாராயணனுடன் சேர்ந்து இன்னொரு வேலை செய்தார். பல கோணங்களில் எடுத்த எக்ஸ்-ரே நிழல்களை வைத்து உள்ளே இருக்கும் பொருளின் படத்தைச் சீக்கிரமாகவும் துல்லியமாகவும் கணக்கிடும் முறை அது. லண்டனில் முதல் நோயாளிக்கு சிடி ஸ்கேன் எடுக்கப்பட்டதும் அதே வருடம்தான். ஸ்கேன் தொழில்நுட்பப் பாடங்களில் ராம்-லாக் ஃபில்டர் என்று ஒன்று இன்றும் இருக்கிறது. 'ராம்' யார், 'லாக்' யார் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

விருதும் வேதனையும்

1961ல் பட்நாகர் விருது, 1977ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர், 1999ல் படிகவியல் துறையின் பெரிய கௌரவமான எவால்ட் பரிசு. நோபல் மட்டும் வரவில்லை. இவ்வளவு செய்தும் ஏன் கிடைக்கவில்லை என்ற ஆதங்கம் இந்திய விஞ்ஞானிகள் நடுவே இன்னும் இருக்கிறது.

வாழ்க்கையில் கஷ்டமும் குறைவில்லை. மனநலப் பாதிப்போடு பல காலம் போராடினார். அதற்கு நடுவில்தான் இத்தனை ஆய்வுகளும். கடைசிக் காலத்தில் பக்கவாதமும் பார்கின்சன் நோயும் சேர்ந்துகொண்டன. கூடவே இருந்து பார்த்துக்கொண்ட மனைவி ராஜலட்சுமி 1998ல் காலமானார். ராமச்சந்திரன் 2001 ஏப்ரல் 7ல் சென்னையில் மறைந்தார். அவருடைய மகன் ரமேஷ் நாராயண், கருந்துளை ஆய்வில் உலகம் அறிந்த வானியல் இயற்பியலாளர்.

இன்றைக்கு ஏன் இவர் முக்கியம்?

புரதங்களின் அமைப்பைச் சேமித்து வைக்கும் உலகப் பொதுக் களஞ்சியம் 1971ல் வெறும் 7 அமைப்புகளுடன் தொடங்கியது. இன்று அதில் 2 லட்சத்துக்கும் மேல். புதிதாக ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டுபிடித்தேன் என்று யார் வந்தாலும், முதலில் பார்க்கும் சோதனைகளில் ஒன்று ராமச்சந்திரன் வரைபடம். தடை செய்யப்பட்ட இடத்தில் நிறையப் புள்ளிகள் விழுந்தால், எங்கேயோ தப்பு நடந்திருக்கு என்று அர்த்தம். ஆல்ஃபாஃபோல்டு போன்ற செயற்கை நுண்ணறிவு கணித்துச் சொல்லும் புரதங்களுக்கும் இதே உரைகல்தான். அந்தத் துறைக்கு 2024ல் வேதியியல் நோபல் கிடைத்தது. புரதத்தின் அமைப்பை வைத்து மருந்து வடிவமைக்கும்போதும் இந்தச் சோதனை உதவுகிறது.

அடையாறு தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் அரங்கத்துக்கு ட்ரிப்பிள் ஹீலிக்ஸ் என்று பெயர். மூன்று இழைச் சுருள் என்பதன் ஆங்கிலம் அது. அடுத்த முறை அந்தப் பக்கம் போனால், அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று கூட வருபவருக்கும் சொல்லுங்கள்.