டாக்டர் ஜான்ஸனும் ராம்ப்ளர் தாளும்

ஆங்கில இலக்கியம் பயில்வார் டாக்டர் சாமுவேல் ஜான்ஸனை அகராதி தொகுத்த பேரறிஞராகவே பெரும்பாலும் அறிவர். அவ்வரும்பணிக்கு நடுவே அவர் வாரம் இருமுறை ஒரு தாள் எழுதி வெளியிட்ட வரலாறு, எழுதுதற்கு ஓய்வு வாய்க்கட்டுமென்று காத்திருப்பார் யாவரும் அறியத்தக்கதென எண்ணி, அதனை ஈண்டுச் சுருக்கி வரைகின்றோம்.

ஜான்ஸன் 1709-ஆம் ஆண்டில் லிச்பீல்டு நகரத்துப் புத்தக வணிகர் ஒருவருக்கு மகனாகப் பிறந்தார். ஆக்ஸ்போர்டிலுள்ள பெம்புரோக் கல்லூரியிற் சேர்ந்தும், வறுமையால் பட்டம் பெறாதே நீங்கினார். 1737-இல் லண்டன் சென்று பத்திரிகைகளுக்கு எழுதிச் சீவனம் நடத்தினார். 1746-இல் நூல் வெளியிடுவோர் சிலர் 1,500 கினி ஊதியம் பேசி, ஆங்கில அகராதி தொகுக்கும் பணியில் அவரை அமர்த்தினர். எழுத்தர் அறுவரைத் துணைக்கொண்டு அவர் அதனைச் செய்வாராயினர். எழுத்தர் கூலிக்கும் காகிதத்திற்கும் அவ்வூதியத்தில் ஒரு பகுதி கரைந்தது.

இந்நிலையில், 1750 மார்ச்சு 20-ஆம் நாள் 'ராம்ப்ளர்' தோன்றிற்று. அதனைத் தொடங்குங்கால் இறைவனருளை வேண்டி ஜெபமொன்று இயற்றிக்கொண்டார். செவ்வாய்தோறும் சனிதோறும் வெளிவந்த அத்தாளின் விலை இரண்டு பென்ஸ். தாளொன்றுக்கு அவர் பெற்றது இரண்டு கினி. இரண்டாண்டுகளில் 208 தாள்கள் வெளிவந்தன. அவற்றுள் நான்கைந்து நீங்கலாக யாவும் அவர் எழுதியனவே.

இத்துணையும் எழுதியவர் இயல்பாகவே சுறுசுறுப்புடையவர் என நினைத்தல் தவறு. வைகறையில் எழ இயலாமைக்கும் சோம்பலுக்கும் தம்மையே வாழ்நாளெல்லாம் நொந்துகொண்டவர் அவர். காலந்தாழ்த்துதலைக் குறித்து வரைந்த கட்டுரையிலேயே, பொருள் தேர்வதிற் பொழுது கழித்துக்கொண்டிருந்த தம்மை அச்சகத்தாரின் அழைப்பே எழுப்பியதென ஒப்புக்கொள்கின்றார். அச்சகத்தார் காத்திருக்க விரைந்து எழுதி, மீளப் படித்துப் பாராமலே அனுப்பிய தாள்கள் பல. எனினும் அவை வெறுமையிற் பிறந்தவை அல்ல. பல்லாண்டு கற்றவையும் கண்டவையும் அவருள்ளத்தில் நிறைந்திருந்தன. தோன்றிய கருத்துக்களைக் குறித்துவைத்த சிறு ஏடும் கையில் இருந்தது. பின்னர்த் தாள்கள் நூல்வடிவு பெற்றபோது, சொற்றொடர்களைப் பெரிதும் திருத்தியமைத்தார்.

தாள்கள் வெளிவந்த நாளில் ஐந்நூறு படிகள்தாமும் விலையாகவில்லை. ஆயினும் அவற்றுட் சிலவற்றைப் படித்த மனைவியார் எலிசபெத்து, கணவரிடத்து இத்துணை ஆற்றல் உளதென எண்ணியிருந்ததில்லையெனப் பாராட்டினார். அப்பாராட்டு அவருக்குப் பேருவகை அளித்தது. 1752 மார்ச்சு 14-இல் இறுதித் தாள் வெளிவந்தது. மூன்று நாட்களில் நோயுற்றிருந்த அம்மையார் உயிர்நீத்தார். 1755-இல் அகராதி வெளிவந்தபோது அதனைக் கண்டு மகிழ அவர் இல்லை.

1784-இல் மறைந்த ஜான்ஸன் வெஸ்ட்மினிஸ்டர் ஆலயத்தில் அடக்கம்பெற்றார். ஓய்வு வந்தபின் எழுதுவோமென அவர் இருந்திருப்பின், அம்மையார் படித்து மகிழ ஒரு தாளும் இருந்திராது. நாள் குறித்துப் பணி மேற்கொள்வார்க்கே காலம் கிட்டும் என்னும் உண்மையை இவர் வாழ்க்கையால் உணர்ந்து, நாமும் ஒழுகுவோமாக.