ஆலன் டூரிங்

விடியலில் எழுப்புமாறு கைப்பேசிக்கு வாயாற் கட்டளையிடுவோரும், வீட்டு வரவு செலவைக் கூட்டித் தருமாறும் விண்ணப்பம் வரைந்து தருமாறும் பொறியை வினவுவோரும் இந்நாளிற் பலராவர். பொறியோடு மனிதன் உரையாடுதல் இயலும் என்பதை, அத்தகைய பொறி தோன்றுமுன்னரே ஆராய்ந்து எழுதியவர் ஆலன் டூரிங் என்னும் ஆங்கிலக் கணித அறிஞர்.

இவர் 1912 ஆம் ஆண்டு சூன் திங்கள் 23 ஆம் நாள் இலண்டன் மாநகரிற் பிறந்தார். தந்தையார் சென்னை மாகாணத்தில் ஆட்சிப்பணி புரிந்தவர். தாயார் பிறந்த ஊர் கோயம்புத்தூரை அடுத்த போத்தனூர். பெற்றோர் இந்நாட்டில் வாழ்ந்தமையால், ஆலனும் அவர் தமையனாரும் இங்கிலாந்திற் பிறர் இல்லத்தில் வளர்ந்தனர். 1926இல் செர்பர்ன் என்னும் ஊரிலுள்ள பள்ளிக்குச் செல்ல வேண்டிய நாளில் நாடெங்கும் வேலைநிறுத்தம், புகைவண்டிகள் ஓடவில்லை. பதின்மூன்று வயதுச் சிறுவர் மிதிவண்டியில் ஏறத்தாழ 60 மைல் தனியே கடந்து, இடையில் ஓரிரவு தங்கிப் பள்ளியை அடைந்தார்.

அப்பள்ளியில் உயிர்த்தோழராய் வாய்த்த கிறித்தோபர் மார்க்கம் 1930இல் நோயால் இறந்தார். உடலும் உள்ளமும் எவ்வாறு இயைந்துள்ளன என்னும் வினா அத்துயரிடையே டூரிங்கின் நெஞ்சில் எழுந்தது.

கேம்பிரிட்சிற் பயின்றபின், 1936இல் அவர் ஓர் அரிய கட்டுரை வரைந்தார். ஒவ்வொரு கணிப்புக்கும் ஒவ்வொரு பொறி வேண்டா. கட்டளைத் தொகுதியை மாற்றிக் கொடுப்பின் ஒரே பொறி அனைத்தையும் செய்யும் என்று அதில் நிறுவினார். ஒரே கைப்பேசி நாழிகை காட்டுவதும் கணக்கிடுவதும் வழி கூறுவதும் அக்கருத்தின் பயனே.

இரண்டாம் உலகப்போரில், போலந்து அறிஞர் தொடங்கிய முயற்சியை வளர்த்து, செருமானியரின் எனிக்மா மறைமொழியை உடைக்கும் பொறியை அமைத்தார். பின்னர்ப் பேச்சொலியை மறைத்தனுப்பும் டிலைலா என்னும் கருவியையும் ஆக்கினார். அது ஒலியலையை ஒரு நொடியில் ஆயிரக்கணக்கான முறை அளந்தது. இன்று குரற்கட்டளையைக் கேட்கும் பொறியும் முதலில் ஒலியை அவ்வாறே அளந்து எண்களாக்கிக் கொள்கிறது.

1950இல் மைண்டு என்னும் இதழில் அவர் எழுதிய கட்டுரையே ஈண்டு நாம் சிறப்பாகக் கருதத்தக்கது. பொறி சிந்திக்குமா என்று வீணே வாதிடுவதை விடுத்து, மறைவிலிருந்து எழுத்தால் விடை கூறும் இருவருள் மனிதர் யார், பொறி யாது என வினவுவோர் பிரித்தறிய இயலுமா என்று சோதிக்கலாம் என்றார். எடுத்துக்காட்டாக ஓர் உரையாடலையும் புனைந்தார். அதிற் செய்யுள் கேட்டபோது, தனக்கு அது வாராது என விடையளிப்பவர் ஒதுங்குகின்றார். புலமை நிரம்பாத நம்மனோர்க்கும் இவ்வடக்கம் நன்றே! பின்னர் 34957ஐயும் 70764ஐயும் கூட்டுமாறு கேட்க, அரை நிமிடம் தாழ்த்து 105621 என்று விடை வருகின்றது. கூட்டிப் பார்ப்பின் 105721 ஆதல் வேண்டும். படிப்போர் பலர் கூட்டாமலே கடந்துவிடுவர். மனிதனைப்போற் தோன்ற வேண்டிப் பொறி வேண்டுமென்றே பிழை செய்யக்கூடும் என்பதை அக்கட்டுரையிலேயே பின்னர் விளக்கினார்.

2011இற் குரல் கேட்டு ஏவல் புரியும் சிரி ஐபோனில் அமைந்தது. 2022இற் சாட்ஜிபிடி என்னும் உரையாடு பொறி வெளிவந்தது. இவை வேண்டுமென்றே பிழைப்பன அல்ல, தாமறியாமலே பிழைப்பன. ஆகலின் கூட்டிப் பார்க்கும் வேலை இன்றும் கேட்டவர்க்கே எஞ்சுகின்றது.

பொறிக்கும் முகம் காணாது நடுநிலையான சோதனை வேண்டிய அவ்வறிஞர்க்கு அவர்தம் நாடு நடுநிலை காட்டவில்லை. ஆடவர் ஆடவரை விரும்புதல் அந்நாள் ஆங்கிலச் சட்டத்திற் குற்றம். 1952இல் அதன்பொருட்டு அவர் தண்டனைக்குள்ளானார். சிறைக்கு மாற்றாக, உடலியல்பைக் கெடுக்கும் மருந்தை ஓராண்டு ஏற்றார். அரசின் மறைமொழிப் பணியினின்றும் விலக்கப்பட்டார். 1954 சூன் 7 ஆம் நாள், 42 வயது நிறையுமுன், நஞ்சினால் உயிர் நீத்தார். 2009இற் பிரதமர் அரசின் சார்பில் வருத்தம் தெரிவித்தார். 2013இல் அரசியார் மன்னிப்பு வழங்கினார். மன்னிக்க வேண்டியவர் எவர் என்பது வேறு. டூரிங் மறைந்து அப்போது 59 ஆண்டுகள் ஆகியிருந்தன.