பேராசிரியர் மார்கனும் பழ ஈயும்

விலங்கியல் பயிலும் நம் கல்லூரி மாணாக்கர் பிணைப்பு, மறுசேர்க்கை, சோதனைக் கலப்பு என்னுஞ் சொற்களைத் தேர்வின்பொருட்டு நெட்டுருச் செய்வதுண்டு. அச்சொற்களுக்குப் பின்னே ஒரு பெரியாரின் வாழ்க்கை நிற்பதைப் பலர் அறியார். தாம் வெளிப்படையாக ஐயுற்று எழுதிய கொள்கையைத் தம் கையாலேயே நிலைநாட்ட நேர்ந்த அவரது வரலாற்றை ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

தாமஸ் ஹண்ட் மார்கன் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே கெண்டக்கி மாகாணத்து லெக்ஸிங்டன் நகரில் 1866-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 25-ஆம் நாள் பிறந்தார். இவருடைய பெரிய தந்தையார் ஜான் ஹண்ட் மார்கன், அந்நாட்டு உள்நாட்டுப் போரில் தென்னாட்டார் படையில் பெயர்பெற்ற தளபதி. குலப்பெருமை மிக்க வீட்டிற் பிறந்தும், இவருள்ளம் பறவை முட்டைகளிலும் பாறையிற் பதிந்த பண்டை உயிர்களின் எச்சங்களிலுமே சென்றது. 1886-இல் கெண்டக்கியிற் பட்டம் பெற்று, 1890-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையில் டாக்டர் பட்டமும் எய்தினார். அடுத்த ஆண்டு முதல் 1904 வரை பிரின் மார் மகளிர் கல்லூரியில் ஆசிரியராய் அமர்ந்தார். அங்குப் பயின்ற லிலியன் வான் சாம்ப்ஸன் என்னும் அம்மையாரை 1904-இல் மணந்து, அவ்வாண்டே நியூயார்க் நகரத்துக் கொலம்பியா சர்வகலாசாலைக்குச் சென்றார். அவ்வம்மையாரும் ஈக்களின் குரோமோசோம்களை ஆராய்ந்து தம் பெயரால் நூலுரைகள் வெளியிட்டவர். கணவர் புகழின் நிழலிலே அவர் பெயர் மறைந்தது நமக்கு வருத்தந் தருவதே.

மெண்டல் என்னும் துறவியார் பட்டாணிச் செடிகளைக் கொண்டு கண்டு 1865-இல் எடுத்துரைத்த விதிகள், முப்பத்தைந்து ஆண்டு உறங்கிக் கிடந்து, 1900-இல் மீண்டும் வெளிப்பட்டன. குரோமோசோம்களே குலப்பண்புகளைத் தாங்குவன என்றும் அறிஞர் சிலர் கூறலாயினர். மார்கன் இவ்விரண்டையும் எளிதில் ஏற்றாரல்லர். கணக்குப் பொருந்தாத இடந்தோறும் புதியதொரு காரணியைக் கற்பித்துக்கொள்வது ஆராய்ச்சியாகாது என்று 1909-இல் இடித்துரைத்தார். குரோமோசோம் கொள்கையை ஐயுற்று 1910-இன் தொடக்கத்திலும் எழுதினார்.

அவ்வாண்டிலேதான் வெண்கண் ஈ தோன்றிற்று. கொலம்பியாவில் அவரது ஆராய்ச்சி அறை 16 அடிக்கு 23 அடி. எட்டு மேசைகள் நெருக்கமாய் இடப்பட்டன. பால் புட்டிகளில் வாழைப்பழம் இட்டுப் பழ ஈக்கள் வளர்க்கப்பட்டன. இவ்வீ இரண்டு வாரத்திற்குள் ஒரு தலைமுறையை முடிப்பது. ஓரிணை நூற்றுக்கணக்கில் ஈனுவது. நான்கே இணைக் குரோமோசோம் உடையது. செந்நிறக் கண்ணுடைய ஈக்களின் நடுவே வெண்கண் ஆண் ஈ ஒன்று காணப்பட்டது. அதனைச் செங்கண் பெண் ஈக்களோடு கலந்தபோது, மூன்று நீங்கலாகப் பிறந்த 1,237-உம் செங்கண் உடையனவாயின. அடுத்த தலைமுறையில் வெண்கண் மீண்டது, 782 ஈக்கள் வெண்கண் உடையன, அவையனைத்தும் ஆண்கள்!

பெண் ஈக்கு வெண்கண் அமையவே அமையாதோ? இதனை அறிய மார்கன் மேற்கொண்டதே சோதனைக் கலப்பு. ஒடுங்கு பண்பு வெளிப்பட்டு நிற்கும் உயிர் தன்னுள் எதனையும் மறைத்து வைத்திருப்பதில்லை. ஆகலின் கலப்புயிரை அதனோடு சேர்ப்பின், கலப்புயிர் கருவணுக்களில் இட்டு அனுப்பியது யாதோ, அதுவே குஞ்சுகளில் வெளிப்படும். மெண்டலும் தம் கணக்கை இம்முறையாலேயே சரிபார்த்தார். மார்கன் அவ்வெண்கண் ஆணை அதன் மகள்களோடே கலந்தார். செங்கண் பெண் 129, செங்கண் ஆண் 132, வெண்கண் பெண் 88, வெண்கண் ஆண் 86 பிறந்தன. பெண்ணுக்கும் வெண்கண் வரும். ஆயின் பாலை உறுதி செய்யும் எக்ஸ் குரோமோசோமைப் பற்றியே அப்பண்பு செல்கின்றது என்பது புலனாயிற்று. தாம் ஐயுற்ற கொள்கைக்குத் தம் புட்டிகளே சான்று பகரக் கண்ட மார்கன், அதனை அந்த ஆண்டே அச்சேற்றினார். முன்னெழுதியதைக் காக்கும்பொருட்டு எண்களை வளைத்தாரல்லர்.

பின்னர் வந்த வினா இதனினும் அரிது. ஒரே குரோமோசோமில் இருக்கும் இரு பண்புகள் என்றும் இணைந்தே செல்லுமோ? இங்கிலாந்தில் பேட்ஸனும் அவர் துணைவர்களும் நறுமணப் பட்டாணியில், சில பண்புகள் மெண்டல் விதிக்கு மாறாகச் சேர்ந்தே வருவதை 1905-ஆம் ஆண்டளவில் கண்டும், காரணம் காணாது நின்றனர். மார்கனோ கருமேனியும் குறுகிய சிறகும் உடைய ஈயையும், சாம்பல் மேனியும் நெடுஞ்சிறகும் உடைய ஈயையும் கலந்து, பிறந்த பெண்ணை, ஒடுங்கு பண்பு இரண்டும் உடைய ஆணோடு சேர்த்தார். இரு பண்புகளுந் தனித்தனி செல்வனவாயின், மாறிச் சேர்ந்த குஞ்சுகள் பாதியாதல் வேண்டும். பிரியாதன எனின் ஒன்றும் இராது. கிடைத்ததோ நூற்றுக்கு ஏறக்குறையப் 17. கலப்பு ஆணைக் கொண்டு செய்தபோது ஒன்றேனும் மாறிச் சேரவில்லை. ஆண் பழ ஈயில் இம்மாற்றம் நிகழ்வதில்லை. கருவணுக்கள் உண்டாகும்போது இணைக் குரோமோசோம்கள் ஒன்றையொன்று தழுவித் துண்டு மாற்றிக்கொள்கின்றன என்றும், தொலைவில் உள்ள காரணிகளே மிகுதியாகப் பிரிகின்றன என்றும் 1911-இல் மார்கன் கருதினார்.

இக்கருத்தின் முழுப்பயனையுங் கொண்டவர் அவர்தம் இளைய மாணாக்கர் ஆல்பிரெட் ஸ்டர்ட்டெவண்ட். ஆசிரியரோடு உரையாடிய நாளின் இரவிலே, கல்லூரிப் பாடங்களை ஒதுக்கிவைத்துக் கணக்கிட்டு, விடியுமுன் எக்ஸ் குரோமோசோமின் முதற்படத்தை வரைந்துவிட்டார்! மஞ்சள் மேனிக்கும் வெண்கண்ணுக்கும் இடையே மறுசேர்க்கை நூற்றுக்கு 1. ஆகவே அவை அண்மையில் உள்ளன. பளிச்சிடுஞ் செங்கண்ணுக்கும் சிறுசிறகுக்கும் இடையே 3. இங்ஙனம் ஐந்து காரணிகள் ஒரே கோட்டில் வரிசையாயின. அப்படம் 1913-இல் அச்சேறியது. அந்நாள் நுண்ணோக்கியில் எவருங் காணமாட்டாத ஒன்றின் நிரலை, பிறந்த ஈக்களை எண்ணியே ஓர் இளைஞர் அறிந்தனர் என்பதை நினைக்குந்தோறும் நாம் வியக்கின்றோம்.

ஸ்டர்ட்டெவண்ட், புட்டி கழுவும் வேலைக்கு வந்து அறிஞரான பிரிட்ஜஸ், முல்லர் ஆகியோருடன் மார்கன் 1915-இல் வெளியிட்ட நூல் உலகெங்கும் பரவிற்று. புகழ் பங்கிட்ட முறையில் முல்லருக்கு மனக்குறை இருந்தது. அதனை மறைத்துக் கூறுதல் வரலாறாகாது. நெடுநாள் மறுத்து நின்ற பேட்ஸன் 1921-இன் இறுதியில் கொலம்பியாவுக்கே வந்து, ஈக்களையும் குரோமோசோம்களையும் நேரிற் கண்டபின் பெரும்பாலும் இணங்கினார். பிற்காலத்தில் இந்தியக் குடியுரிமை பெற்ற ஹால்டேன், குரோமோசோம் தொலைவின் அளவைக்கு 1919-இல் மார்கன் பெயரையே இட்டார். அதன் நூற்றிலொரு கூறாகிய செண்டிமார்கன் இன்றும் வழங்குகின்றது.

1928-இல் மார்கன் கலிபோர்னியாவுக்குச் சென்று, அங்குள்ள தொழில்நுட்பக் கழகத்தில் உயிரியற் பிரிவை நிறுவினார். 1933-இல் நோபெல் பரிசு கிடைத்தது. அவ்வாண்டு விழாவுக்கு அவர் செல்லவில்லை. மறு ஆண்டு ஜூன் மாதத்திலேயே பரிசுப் பேருரையை நிகழ்த்தினார். பரிசுப் பணத்தைத் தம் மக்களுக்கும் பிரிட்ஜஸ், ஸ்டர்ட்டெவண்ட் இருவர்தம் மக்களுக்குமாகப் பகிர்ந்தளித்தார். முதுமையில் தாம் இளமையிற் பயின்ற கடல்வாழ் உயிர்களிடத்தே மீண்டுஞ் சென்று ஆராய்ந்திருந்து, 1945-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 4-ஆம் நாள் பாஸடீனா நகரில் உயிர்நீத்தார்.