கர்னல் பென்னிகுயிக்

வைகைப் பாசனத்தில் நெல் விளையக் காண்போர் பலர். அந்நீர் வந்த வழியை ஆராய்வோர் சிலரே. அவ்வழியைச் சமைத்த கர்னல் ஜான் பென்னிகுயிக்கின் சரித்திரத்தை ஈண்டுச் சுருங்க வரைகின்றோம்.

இவர் 1841-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள் புனாவிற் பிறந்தார். எட்டு வயது நிரம்ப இரண்டு நாட்கள் இருக்கையில், சிலியன்வாலாப் போர்க்களத்தில் இவருடைய தந்தையாரும் தமையனாரும் ஒருங்கே மாண்டனர். ஆடிஸ்கம்புக் கல்லூரியிற் பயின்றபின், 1860-இல் பொறியாளர் படையைச் சார்ந்து இந்தியாவிற்கு வந்தார்.

மேற்கே ஓடும் பெரியாற்றைக் கிழக்கே திருப்புதல் நெடுநாளைய எண்ணம். 1808-இல் அதனை ஆராய்ந்த கால்டுவெல் என்னும் படைத்தலைவர், அஃது ஆகாத காரியமென்றார். 1876 முதல் 1878 வரை நேர்ந்த கொடும் பஞ்சம் அவ்வெண்ணத்திற்கு மீண்டும் உயிரளித்தது. 1882-இல் திட்டத்தைத் திருத்தியமைக்கும் பொறுப்புப் பென்னிகுயிக்கிடம் வந்தது. 1886-இல் திருவிதாங்கூர் அரசுடன் 999 ஆண்டுக் குத்தகை உடன்படிக்கை நிறைவேறியது. அடுத்த ஆண்டே வேலையும் தொடங்கிற்று.

அவ்வேலையின் வரலாற்றை, அதிலே உழைத்த பொறியாளராகிய மக்கன்ஸி 1899-இல் ஒரு பெருநூலாக வெளியிட்டார். அளவும் கணக்கும் நிறைந்த அந்நூல் எளிதிற் படிக்கத்தக்கதன்று. கதை நாடிச் செல்வோர் சில ஏடுகளிலேயே சோர்வர். ஆயினும் பொறுமையுடன் படிப்போர்க்கு அவ்வெண்களே பேசும். ஆற்றுப் படுகைக்கு மேல் 155 அடி உயரம். மலையைக் குடைந்த சுரங்கமோ ஒரு மைலுக்கும் மிகுதி. சுண்ணாம்பும் சுர்க்கியுமே அணையைப் பிணித்தன. வெள்ளம் தற்காலிகக் கரைகளை மீண்டும் மீண்டும் அடித்துச் சென்றது. மலைக்காய்ச்சலால் கூலியாட்கள் பலர் மடிந்தனர். மழைக்காலங்களில் வேலை தடைப்பட்டது. இத்தனைக்கும் இடையே, 1895 அக்டோபர் 10-ஆம் நாள் ஆளுநர் வென்லாக் பிரபு அணையைத் திறந்துவைத்தார்.

பென்னிகுயிக் தம் சொத்தையும் மனைவியின் நகைகளையும் விற்று அணையை முடித்தார் என்பது கம்பம் பள்ளத்தாக்கில் வழங்கும் கதை. அரசாங்கச் செலவிலேயே வேலை முடிந்தது என்பதே பதிவுகளால் விளங்குவது. இதனால் அவர் பெருமை குன்றுமோ? குன்றாது. பணத்தை ஈதல் ஒருநாட் செயல். இடர்கள் நடுவே எட்டாண்டு தளராது நிற்றலோ அதனினும் அரிது. அன்றியும், அக்கதையிலே மறைந்துபோகும் பெயரறியாக் கூலியாட்களை மெய்வரலாறே நமக்குக் காட்டுகின்றது.

ஓய்வு பெற்றபின் கூப்பர்ஸ்ஹில் பொறியியற் கல்லூரியின் தலைவராய் விளங்கிய இவர், 1911 மார்ச் 9-ஆம் நாள் இங்கிலாந்திற் காலமானார். தேனி உழவர் இன்றும் இவர் பிறந்த நாளிற் பொங்கலிட்டு வணங்குகின்றனர்.

மாணவ நண்பர்காள்! கடினமான நூலென்று அஞ்சி மூடாதீர். நாம் போற்றுவோரை மெய்யாக அறிந்து போற்றுதலே அவர்க்குச் செய்யும் சிறந்த வணக்கமாகும்.