இராமானுசரும் மிகுபகு எண்களும்

கும்பகோணத்துத் துணிக்கடைக் கணக்கர் ஒருவரின் மைந்தராய், 1887 டிசம்பர் 22இல், தாயாரின் பிறந்தகமாகிய ஈரோட்டில் தோன்றியவர் சீனிவாச இராமானுசர். 1904இல் பள்ளிப் படிப்பை முடித்து, உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசினர் கல்லூரி புகுந்தார். அங்கே கணிதம் அவரை முற்றாக ஆட்கொண்டது. ஆங்கிலக் கட்டுரையிலே தவறினார், உதவித்தொகை பறிபோயிற்று. பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்விலே தேறினாரல்லர். தேர்வாளரைக் குறை கூறுதற்கில்லை, விதி அவ்வாறு. ஆயினும், ஒரு துறையில் ஒளிர்வானுக்குப் பிறிதொன்றின் தோல்வியால் வாயில் அடைபடுதல் முறையோ என்பது ஆசிரியராகிய எம்மனோர் நெஞ்சை இன்றும் உறுத்தும் வினாவேயாம்.

தாள் வாங்கப் பொருளின்றிக் கற்பலகையில் எழுதி, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் குறிப்பேட்டிற் பதித்தார். 1912இல் சென்னைத் துறைமுகத்திலே மாதம் 30 ரூபா பெறும் எழுதுவினைஞரானார். 1913இல் கேம்பிரிட்சுப் பேராசிரியர் ஆர்டிக்குக் கடிதம் வரைந்தார். மறு ஆண்டு கடல் கடந்தார்.

ஆங்கு அவர் ஆராய்ந்தவற்றுள் ஒன்று மிகுபகு எண்கள். நம் வாவியிற் பிடித்த மீன் 11 ஆயின், ஒருவரே கொள்ளலாம், அன்றேல் பதினொருவர் பங்கிடலாம். 12 ஆயின் இருவர், மூவர், நால்வர், அறுவர் எனப் பலர்க்கும் சரிபங்கு கிடைக்கும். 12ஐ மீதியின்றி வகுக்கும் எண்கள் ஆறு. அதனிற் சிறிய எவ்வெண்ணுக்கும் இத்தனை இல்லை. இத்தகையதே மிகுபகு எண். நாளின் 60 நாழிகையும் வட்டத்தின் 360 பாகையும் இவ்வினத்தனவே.

1915இல் வெளிவந்த கட்டுரையில் இராமானுசர் இத்தகைய 102 எண்களைக் கையாற் கணித்து அட்டவணையாக்கினார். இறுதி எண் 6746328388800. அதாவது, 6 இலட்சத்து 74 ஆயிரத்து 632 கோடியே 83 இலட்சத்து 88 ஆயிரத்து 800. ஆறு 2, நான்கு 3, இரண்டு 5, இரண்டு 7, பின் 11, 13, 17, 19, 23 ஒவ்வொன்று ஆகியவற்றின் பெருக்கம் இது. ஒவ்வொன்றும் வரும் தடவையோடு ஒன்று கூட்டிப் பெருக்குக: 7, 5, 3, 3, பின் ஐந்து 2. வகுக்கும் எண்கள் 10080 என விடை வரும். மாணவர் தாமே செய்து பார்க்கலாம்.

இவ்வெண்ணை 23ஆல் வகுத்தால் வருவது 293318625600. அதுவும் மிகுபகு எண்ணே. வகுக்கும் எண்கள் 5040. வியப்பாக, அட்டவணையில் விடுபட்டது இஃதொன்றே! பின்வந்தோர் அதனைக் கண்டு சேர்த்தனர்.

எஃப்.ஏ. தேறாத அவருக்குக் கேம்பிரிட்சு 1916இல் பி.ஏ. பட்டம் வழங்கியது இவ்வாய்வுக்காகவே. 1918இல் அரச கழகத்தின் உறுப்பினரானார். நோயுற்று 1919இல் தாயகம் மீண்டு, 1920 ஏப்ரில் 26இல், 32 வயதிலே சென்னையில் மறைந்தார்.

மிகுபகு எண் கட்டுரையின் பிற்பகுதியை, இலண்டன் கணிதக் கழகம் பொருள் முடையால் அந்நாளில் அச்சேற்றவில்லை. அவர் மறைந்து 77 ஆண்டு கழித்து, 1997இல், அவர் பெயர் தாங்கிய சஞ்சிகையிலே அது வெளிவந்தது.